யான் ஒலிபெருக்கி வாங்கிய வரலாறு

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு ஆசிரியர் அன்புடன் பணித்தார். பழைய மாணவர் பலர் தத்தம் உத்தியோகம், யாத்திரை முதலியன பற்றி எழுதுவர். எனக்கோ அத்தகைய பெருமை யாதுமில்லை. ஆதலின் பத்துத் திங்களாக என் சேமிப்பையும் உறக்கத்தையும் ஒருங்கே கொண்டுபோன ஒரு காரியத்தைக் கூறத் துணிந்தேன். அஃதாவது, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியறைக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் தேடிய வரலாறாம். இதற்கோ இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நகைப்பவர் சற்றுப் பொறுப்பாராக.

எங்கள் தெருவில் முதிய இசையாசிரியை ஒருவர் உளர். சிறியோர் பெரியோர் அனைவர்க்கும் அவர் ‘பாட்டு மாமி’யே. எனக்கு ஏழாம் பிராயத்தில் சரளி வரிசை தொடங்கி வைத்தவரும் அவரே. நாற்பது ஆண்டுகள் பிறர்க்குக் கற்பித்தாரேயன்றித் தம் பாட்டைப் பதிவு செய்ய ஒருபோதும் இசைந்திலர். சென்ற ஆண்டு, அயல்நாட்டில் வாழும் அவர்தம் மக்கள் மிகவும் வேண்டிக்கொண்டமையால், எங்கள் கூடத்தில் இரண்டு நாள் அமர்ந்து பாடினார். குரல், வயலின், மிருதங்கம், தம்புரா ஆகிய நான்கிற்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்துப் பதிந்தேன். அதன்பின் இரண்டு திங்களில் அவருக்குத் தொண்டையில் சிகிச்சை நேர்ந்தது. இனிப் பாடலாகாதென வைத்தியர் விலக்கினர். எனவே என் கணிப்பொறியிற் கிடந்த அந்த இரண்டு நாட் பதிவே அவர் குரலுக்கு எஞ்சிய சான்று.

தனித்தனியே பதிந்த ஒலிகளை அளவறிந்து ஒன்றுசேர்த்தல் ‘மிக்ஸிங்’ எனப்படும். சமையலில் உப்புப் புளி கூட்டுவது போன்ற வேலை. ஆயின் நாக்குக் கெட்டிருப்பவன் கூட்டிய குழம்பு எவ்வாறிருக்கும்? என் நாக்கு அப்போது எங்கள் கூடத்துப் பழைய ஸ்டீரியோப் பெட்டிகளே. அவற்றை மாடிக்குக் கொண்டுபோய்ப் பதினைந்து இரவுகள் உழைத்தேன். என் காதுக்கு அமிர்தமாகவே இருந்தது. மாமியிடம் கொடுத்தேன். அவர் தம் சிறு பெட்டியில் இட்டுக் கேட்டார். ஒரு கீர்த்தனம் முடியும்வரை வாய் திறந்திலர். பின்னர், “ஏண்டா குழந்தை, நான் எப்போதடா மூக்கால் பாடினேன்? மிருதங்கக்காரர் அன்றைக்கு வரவே இல்லையா?” என்றார். அடையாற்றில் உள்ள நண்பர் வீட்டிலும் அப்படியே ஒலித்தது. கைபேசியிலோ மிருதங்கம் அறவே இல்லை.

பிழை எங்கு நேர்ந்தது என்பதை அறியச் சில நாள் பிடித்தது. வீட்டு ஸ்டீரியோக்கள் பல, கேட்பாரை மகிழ்விக்கும் பொருட்டுத் தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் சற்றே உயர்த்திக் காட்டுவன. இடைப்பட்ட ஒலி, அதாவது குரல் வாழும் இடம், அவற்றிற் பின்னடைந்து நிற்கும். அக்குறையை யான் குரலின் குறையெனக் கருதி இடையொலியை ஏற்றினேன். விளைவு, பிறர் பெட்டிகளில் மூக்கொலி. மிருதங்கம் மறைந்ததற்குக் காரணம் பெட்டியன்று, அறை. என் அறை 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது. ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 1,130 அடி செல்லும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அது மோதித் திரும்புங்கால், நீளத்தின் இருமடங்கை அலைநீளமாகவுடைய ஒலி அங்கேயே நின்று வீங்கும். கணக்கிட்டால் நீளத்திற்கு 47, அகலத்திற்கு 56 சொச்சம், அவற்றின் மடங்குகளாகிய 94, 113 முதலிய அதிர்வுகள் வரும். மிருதங்கத்தின் தொப்பி முழங்குவதும் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த எல்லையிலேதான். இத்தகைய வீக்கம் சுவரோரத்தில் மிகுதி. யானோ இடமின்மையாற் பின்சுவரில் முதுகு ஒட்ட அமர்ந்திருந்தேன். மிகையாகக் கேட்டதைக் குறைத்தேன். என் அறையைக் குறைப்பதாக எண்ணி மிருதங்கக்காரரைக் குறைத்துவிட்டேன்! சென்னை இராசதானிக் கல்லூரியிற் பயின்ற சர் சி. வி. இராமன் மிருதங்கத்தின் கரணை அதன் மேல்தொனிகளை இசைக்கு இயையச் செய்வதை 1920-இலேயே ஆராய்ந்து எழுதியிருக்க, பௌதிகம் கற்ற யான் என் அறையை அளக்கவும் தோன்றாதிருந்தது வெட்கமே.

பின்னர்க் கடை கடையாக ஏறினேன். தியாகராய நகரிலும் ரிச்சி தெருவிலும் கண்டது ஒன்றே. பெட்டியை உரக்க வைத்து, நெஞ்சதிரும் ஒரு சினிமாப் பாட்டைப் போடுவார்கள். கேட்பவன் முகம் மலர்ந்தவுடன் விலை சொல்வார்கள். மனிதச் செவி மெல்லிய ஒலியில் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தே உணரும் என்பதை பிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினர். ஆகவே இரண்டு பெட்டிகளில் எது உரக்க ஒலிக்கிறதோ அதுவே நிறைவுடையதெனத் தோன்றும். இதனை உணர்ந்தபின் யான் ஒரு வழக்கம் கொண்டேன். மாமியின் குரலும் தம்புராவும் மட்டும், எவ்வித அலங்காரமுமின்றி, ஒரு சிறு கருவியிற் கொண்டுசென்று, இரண்டு பெட்டிகளையும் ஒரே அளவு ஒலிக்கச் செய்து கேட்பேன். தம்புரா பொல்லாத பரீட்சகர். சுருதியும் அதன் மேலெழும் காந்தாரமும் தனித்துக் கேட்காத பெட்டி எத்துணைப் பளபளப்பாயினும் ஆகாது. கடைக்காரர் ஒருவர், “சார், வேறு பாட்டே இல்லையா?” என்று இரங்கினார்.

கோடம்பாக்கத்தில் நெடுநாள் ஒலிப்பதிவுத் தொழில் செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவரைக் காணும் பேறு கிட்டியது. இல்லத்தோடு சேர்ந்த ஒலிப்பதிவுக் கூடம் நம் நகருக்குப் புதிதன்று என்றும், ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தருகே 1989-இல் அமைத்ததே பஞ்சதன் கூடம் என்றும் அவர் சொல்லி என்னை ஊக்கினார். அவர் மேசைமேல் வெள்ளைக் கூம்புடைய யமஹா என்.எஸ். 10 ஒரு ஜோடி இருந்தது. 1978-இல் வீட்டில் இசை கேட்பாருக்கென வந்த அப்பெட்டியை வீட்டார் பெரிதும் விரும்பிலர். அதன் உச்ச ஒலி காதைக் குத்தியதால் அதன்மேல் மெல்லிய காகிதத்தைத் தொங்கவிட்ட நிபுணரும் உண்டு. ஆயினும் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்கள் அதனையே கொண்டன. ஏன்? இடையொலியை அது ஒளிவின்றி முன்னே நிறுத்தும். மூடிய பெட்டியாதலின் தாழ்ந்த ஒலி அடித்தவுடன் அடங்கும். அதிற் குறைகள் மறைய இடமில்லை. கூம்புக்குரிய மரக்கூழ் கிடையாமையால் 2001-இல் அதன் உற்பத்தி நின்றது. “விலைக்குத் தருவீர்களா?” என்று வினவினேன். பெரியவர் காபி கொண்டுவரச் சொன்னார். பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று.

இறுதியில் அதே கம்பெனியார் செய்யும் எச்.எஸ். வரிசையில் ஐந்து அங்குலமா, எட்டு அங்குலமா என்ற கேள்வி நின்றது. எட்டங்குலம் 38 அதிர்வு வரை இறங்கும்; ஐந்தங்குலம் 54 வரையே. கையிலும் பணம் இருந்தது, ஆசையும் இருந்தது. ஆனால் என் அறையில் வீங்கும் 47-ஐ எட்டங்குலம் நாள்தோறும் தட்டியெழுப்பும். சிறியதோ அதனைப் பெரும்பாலும் தீண்டாது. சிறியதையே வாங்கினேன். மிஞ்சிய பணம் அறைக்குச் சென்றது. அதுவே யான் செய்த செலவுகளிற் சிறந்ததென இன்றும் எண்ணுகிறேன்.

ஹார்வர்டில் ஸபைன் என்னும் இளம் ஆசிரியர், எதிரொலியால் ஒருவரும் ஒன்றும் விளங்கிக்கொள்ளக் கூடாதிருந்த உபந்நியாச மண்டபம் ஒன்றைத் திருத்தும் பொறுப்பை 1895-இல் ஏற்றார். வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலின் ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறதென அளந்தார். அவரைப் பின்பற்றி யானும் வீட்டு மெத்தைகள் யாவற்றையும் மாடிக்கு ஏற்றினேன். என் தாயார் இரண்டு இரவு பாயிற் படுத்தார். கைதட்டினால் எழும் கிணுகிணுப்பு இலவம்பஞ்சில் அடங்கிற்று. தாழ்ந்த முழக்கமோ அசையவில்லை. அதற்குப் பருமன் வேண்டும். ஆறங்குலக் கனமுள்ள பாறைப் பஞ்சுப் பலகைகளைத் துணியால் மூடி மூலைகளில் நிறுத்தினேன். ஒரு குறித்த சுரத்துக்கு அதிர்ந்து கொண்டிருந்த இரும்புப் பீரோ கீழே சென்றது. பெட்டிகள் இரண்டும் என் தலையும் சமமுக்கோணமாக அமைய, முன்சுவரிலிருந்து நாலரை அடியில் நாற்காலியிட்டேன். சுவர் அருகிருத்தலால் பெட்டியின் பின்புறத்து விசையைத் திருப்பித் தாழ்ந்த ஒலியை 2 டெசிபெல் குறைத்தேன்.

புதுப் பெட்டிகளில் முதன்முறை கேட்டபோது எனக்கு உண்டானது ஏமாற்றமே. இனிமையும் முழக்கமும் போயின. மாமி மூச்செடுப்பதும், கூடத்து மின்விசிறியும், வெளியே கீரைக்காரி கூவுவதும் தெளிவாக வந்தன. பங்குனித் திருவிழா முடிந்து மாடவீதி அடங்கிய பின், இரவில் மெல்லிய ஒலியில் வேலை தொடங்கினேன். இம்முறை பெரும்பாலும் யான் முன்பு செய்தவற்றை நீக்குவதே வேலையாயிற்று. முடித்ததை அடையாற்று நண்பர் வீட்டிலும், அங்கிருந்து பாலங் கடந்து சாந்தோம் வரும் வழியில் அவர் காரிலும், கைபேசியிலும் கேட்டேன். மிருதங்கக்காரர் எல்லா இடத்தும் வந்திருந்தார்.

ஒரு சங்கடம் மட்டும் எஞ்சிற்று. ஒரு சரணத்தில் மாமியின் மேல் ஷட்ஜம் மயிரிழை தாழ்ந்திருந்தது. பழைய பெட்டிகளில் அது என் செவிக்கு எட்டவேயில்லை. இக்காலத்து மென்பொருளால் அதனை ஒரு நொடியிற் சரிசெய்யலாம். செய்யாமலே எடுத்துச் சென்றேன், கேட்டபின் சொல்லலாமென்றிருந்தேன்.

மாமி கண்மூடித் தாளமிட்டுக் கேட்டார். அச்சரணம் வந்ததும் கை நின்றது.

“இங்கே சுருதி இறங்கிற்று.”

“ஆம் மாமி. வேண்டுமானால் திருத்திவிடலாம்.”

“வேண்டாம். அன்றைக்கு அப்படித்தான் பாடினேன்,” என்று கூறி மீண்டும் தாளமிடத் தொடங்கினார். பாட்டு முடிந்தபின், “மிருதங்கக்காரருக்கு ஒரு பிரதி கொடுத்தாயோ?” என்று கேட்டார்.