ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்... கட்டண நியூஸ்லெட்டரை நம்பலாமா?

சேலத்தில் வியர்வையோடு பஸ் ஏறுபவர்களுக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் குளிர்காற்று தொட்டுவிடும். உயர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் படர்ந்த மிளகுக்கொடி, நிழலில் காபிச் செடிகள். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டைப் பார்த்த பலருக்கும் வரும் ஆசை, 'இங்கே ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டால் என்ன?'

வேறு தேசத்து மண்ணில் பணம் போடும் ஆசை இந்த மலைக்குப் புதிதல்ல. 1820-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இங்கே காபியைக் கொண்டுவந்தவர். பல்லாவரத்தில் 1863-ல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியேறினார்.

'வெளிநாட்டில் முதலீடு, வெளிநாட்டில் வாழ்க்கை' என்று இன்று சந்தா கட்டிப் படிக்கும் நியூஸ்லெட்டர்கள் விற்பதும் இதே கனவைத்தான். அவற்றில் எது தரமானது? ஏற்காட்டையே உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம்.

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர், ஊரில் காபித் தோட்டம் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபெமா விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அனுமதி இல்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பனிமூட்டப் படத்தைப் போட்டுவிட்டு இந்த ஒரு வரியைச் சொல்லாத கடிதத்துக்கு, சந்தா எதற்கு?

அடுத்தது நஷ்டக் கணக்கு. இலங்கையில் காபி கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1869-ல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. லாபத்தை மட்டும் எழுதுபவர் பாதிக் கதைதான் சொல்கிறார்.

இங்கிருந்து வெளிநாட்டில் முதலீடு செய்பவர்களுக்கும் எல்லை உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். இந்தியாவில் கட்டணம் வாங்கிப் பங்கு ஆலோசனை தருபவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை செபி இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

பரிந்துரைக்கும் சொத்தை விற்றால் அவர்களுக்குக் கமிஷன் உண்டா? பழைய பரிந்துரைகளில் தோற்றவற்றையும் காட்டுகிறார்களா? இந்த இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால், அந்தச் சந்தாப் பணத்தில் குடும்பத்தோடு ஏற்காடு போய்வரலாம். மனசாவது குளிரும்!