ஓ.டி.பி. வந்துச்சா?

முதலாண்டுச் சேர்க்கை முடிந்த வாரம். பல்கலைக்கழகக் கணினி மையத்தில் உதவி ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் வரிசை மாடிப்படி வரை நீண்டிருக்கிறது. வைஃபை கிடைக்காதவர்கள், பாஸ்வேர்டு மறந்தவர்கள், ஸ்வயம் இணையப் பாடத்துக்குப் பதிய வந்தவர்கள் எல்லாம் வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். வரிசை நகராமல் நிற்பது உதவித்தொகை விண்ணப்பத்தில்தான்.

இப்போது ஜன்னலில் ஒரு மாணவி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி மாணவர் விவரம் பதியும் யு.எம்.ஐ.எஸ். தளத்தில், பள்ளியில் தந்த எமிஸ் எண்ணை ஏற்றியாயிற்று. ஆதார் எண்ணை அடித்ததும் திரை ஓ.டி.பி. கேட்கிறது.

"ஆதார்ல குடுத்த போன் நம்பர் யாருகிட்டம்மா இருக்கு?"

"அப்பாகிட்டண்ணா. திருப்பூர்ல, பனியன் கம்பெனில இருக்காங்க."

அப்பாவின் போனில் மணி அடித்து ஓய்கிறது. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. மறுபடி அடிக்கிறாள். எடுத்த அப்பா, ரீசார்ஜ் மெசேஜில் இருந்த எண்ணைப் படிக்கிறார். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுக் காட்டி, சரியான எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. பின்னாலிருந்து முணுமுணுப்பு. அவள் காது மடல் சிவக்கிறது.

உதவியாளர் ஒரு துண்டுத்தாளையும் பேனாவையும் ஜன்னல் வழியே நகர்த்துகிறார். "அப்பாவ அவசரப்படுத்தாதம்மா. ஒவ்வொரு நம்பரா சொல்லச் சொல்லி எழுதிக்க. இன்னொரு தடவ அனுப்புறேன்."

இந்த முறை திரை திறக்கிறது. அடுத்த முட்டுக்கட்டை, பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால். ஊரே ஒருத்தியாய் அறிந்தவளை இயந்திரம் இரண்டு பேராக்கிவிடுகிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்ட யாரும் நம் வீட்டுப் பிள்ளைகளின் சான்றிதழைப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

ஆதாரில் எதைத் திருத்த வேண்டும், எந்தச் சான்றிதழ் கொண்டுபோக வேண்டும், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று யாரிடம் கேட்க வேண்டும் என எல்லாவற்றையும் அந்தத் தாளின் பின்புறத்தில் தமிழில் எழுதித் தருகிறார் உதவியாளர். கணக்கு இருந்தால் மட்டும் போதாது. ஆதார் இணையாத கணக்குக்குப் பணம் வராது. இதை அவள் இரண்டு முறை கேட்கிறாள். அவரும் முகம் சுளிக்காமல் இரண்டு முறையும் சொல்கிறார். இந்தப் பொறுமைக்குப் பணிப்பதிவேட்டில் இடமில்லை.

வரிசையில் மூன்றாவதாக நின்று எல்லாவற்றையும் கவனித்தபடி இருந்த பையன் தன் போனை எடுக்கிறான். "அம்மா, களையெடுக்கப் போனாலும் போன இடுப்புலயே வச்சுக்க. ஆறு நம்பர் வரும்." தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தபின் பையன்களும் இதே வரிசையில்தான்.

அந்த 1,000 ரூபாய் பல வீடுகளில் பஸ் கட்டணம், விடுதி மெஸ் பாக்கி. ஒரு இனிஷியலுக்காக அது மாதக்கணக்கில் நிற்கக்கூடாது. பல்கலைக்கழகங்களை நடத்துகிறவர்களே, சேர்க்கை மாதங்களில் இந்த ஜன்னலுக்கு இன்னும் இரண்டு பேரைப் போடுங்கள். எந்தப் போன் கையில் இருக்க வேண்டும், எந்தப் பெயர் எதோடு பொருந்த வேண்டும் என்பதைச் சேர்க்கைக் கடிதத்தோடு தமிழில் அச்சடித்து வீட்டுக்கே அனுப்பிவையுங்கள்.