முன்னால் 43, பின்னால் 39

செஞ்சி. திண்டிவனம்–திருவண்ணாமலை சாலை ஓரம். தகரக் கூரைப் பட்டறை. கூரைக்கு மேலே ராஜகிரி மலை தெரிகிறது. உச்சியில் கோட்டைச் சுவர். அதற்குக் கீழே பாறை. அதற்கும் கீழே ‘பஞ்சர் போடப்படும்’ என்ற பலகை.

நான்கு மரக்கட்டைகளின் மேல் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் நிற்கிறது. சக்கரங்கள் இல்லை. பானெட்டில் ஒரு குதிரைப் படம் ஒட்டியிருக்கிறது. முன்னங்கால் இரண்டும் காற்றில். கீழே ‘ராஜா தேசிங்கு’ என்ற எழுத்து. செஞ்சியை ஆண்டு, 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்தவன். இந்த ஊரில் இன்னும் குதிரையை விட்டு இறங்கவில்லை.

ஜீப்புக்கு முன்னால் இரண்டு ஆக்சில்கள் கிடக்கின்றன. ஒன்று கழற்றியது, வெறும் இரும்புத் தண்டு. சக்கரத்தைத் தாங்கும், இழுக்காது. மற்றது பூட்டப்போவது. அதன் ஒரு பக்கம் உருண்டையாகப் புடைத்திருக்கிறது. உள்ளே பல்சக்கரங்கள். சென்னை புதுப்பேட்டையிலிருந்து பார்சல் லாரியில் வந்தது. சுற்றிய சாக்கு பாதி பிரிந்திருக்கிறது.

1941இல் அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் செய்த ஜீப்பில் நான்கு சக்கரமும் இழுத்தன. 1949இல் மஹிந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கிய ஜீப்பிலும் இழுத்தன. பிறகு விலை குறைந்த ஜீப் வந்தது. பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும். கட்டைமேல் நிற்பது அந்த ரகம்.

தார்ப்பாயில் மற்ற சாமான்கள். இன்ஜின் இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ். முன்பக்கத்து ஷாஃப்ட். கிராஸ் இரண்டு. யூ போல்ட் நான்கு. புது ஆக்சிலின் எடைக்காகக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை. ஒரு கோழி எல்லாவற்றையும் கொத்திப் பார்த்துவிட்டுப் போகிறது.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். பேச்சு இல்லை. கை மட்டும் வெளியே வருகிறது. பையன் அதில் ஒரு ஸ்பானரை வைக்கிறான். கை உள்ளே போகிறது. மறுபடி வருகிறது. பையன் வேறொன்றை வைக்கிறான். எந்த நம்பர் என்று அவன் கேட்பதில்லை.

ஜீப்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை வேட்டி. காலை பத்து மணிக்கு வருகிறார், டீ சொல்கிறார், உட்காருகிறார். அவருடைய நிலம் ஏரிக்கு அந்தப் பக்கம். நெல்லும் மணிலாவும். மழை பெய்தால் வழியெல்லாம் களி. போன ஐப்பசியில் உரமூட்டையோடு ஜீப் புதைந்தது. டிராக்டர் கட்டி இழுத்தார்கள். டிராக்டர் பக்கத்து நிலத்துக்காரருடையது. அதைச் சொல்லும்போது குரல் இறங்குகிறது.

மேஸ்திரி வெளியே வருகிறார். புது ஆக்சிலின் இரு முனையிலும் ஒவ்வொரு பையன். சாக்கட்டியால் மூன்று கோடுகள்: இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவே ஷாஃப்ட் மாட்டும் பினியன் முகப்பில் ஒன்று.

“ரெண்டு பேரும் சேர்ந்து. ஒரு சுத்து.”

பையன்கள் சுற்றுகிறார்கள். பினியன் வேகமாகச் சுற்றுகிறது. மேஸ்திரி விரல் மடக்குகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கோடு நிற்கவில்லை. இன்னும் கால் வட்டம் தாண்டிப் போய் நிற்கிறது.

“இன்னொரு தபா.”

மறுபடி ஐந்து. மறுபடி கால் வட்டத்துக்கும் மேல்.

எல்லோரும் ஜீப்பின் பின்பக்கம் போகிறார்கள். அங்கேயும் மூன்று கோடுகள். ஒரு சுற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது முடியவில்லை. கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது.

ஜீப்காரர் எழுந்து நிற்கிறார்.

மூடிகளைக் கழற்றுகிறார்கள். கருத்த எண்ணெய் தட்டில் வடிகிறது. மேஸ்திரி ஒரு பல்லில் வெள்ளைப் புள்ளி வைக்கிறார். விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுகிறார். பையன் தனியாக எண்ணுகிறான். முன்னால் பெரிய சக்கரமான கிரௌனில் 43 பல், பினியனில் 8. பின்னால் கிரௌனில் 39, பினியனில் 8. சாக்கட்டியால் சுவரில் எழுதுகிறார். 43. 39. கீழே கோடு போடுகிறார். கழிப்பதில்லை.

“ஓடாதா?”

“ஓடும். முன்னாடி ஒரு வேகம், பின்னாடி ஒரு வேகம். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கும். டிரான்ஸ்பர் கேஸ் ஒடைஞ்சிடும்.”

ஜீப்காரர் புதுப்பேட்டைக்குப் போன் போடுகிறார். சாலையில் மேல்மலையனூர் பேருந்துகள் வரிசையாகப் போகின்றன. அமாவாசைக் கோயில் கூட்டம். படியில் ஆட்கள். அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறார். “நாற்பத்து மூணு இல்லீங்க. முப்பத்தொம்பது. முப்பது, ஒம்பது.”

வரும் என்கிறார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

வேலை நிற்கிறது. நாற்காலி நிற்கவில்லை. காலை பத்து மணிக்கு நிரம்புகிறது.

மகாராஷ்டிரப் பதிவெண் போட்ட வேன் ஒன்று ஓரம் கட்டுகிறது. பின்சக்கரத்தில் ஆணி. காவிக் கொடியோடு இளைஞர்கள் இறங்குகிறார்கள். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியர் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இளைஞர்கள் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வருகிறார்கள்.

“ஃபோர் பை ஃபோர்?” என்கிறான் ஒருவன்.

மேஸ்திரி நான்கு விரலைக் காட்டுகிறார். யோசிக்கிறார். இரண்டை மடக்கிக்கொள்கிறார்.

மாலையில் ஒருவர் வருகிறார். கக்கத்தில் ஃபைல். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். ஆர்.சி. நகலைக் கையில் வாங்கி, ஜீப்பை ஒரு தரமும் தாளை ஒரு தரமும் பார்க்கிறார். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. தயாரித்த கம்பெனி சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. இரண்டையும் மூச்சு விடாமல் சொல்கிறார்.

“ஃபைன் ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம். இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். ரெண்டும் சேர்த்தும் போடலாம்.”

“ஒரு மாற்றத்துக்கா?”

“ஒவ்வொண்ணுக்கும்.”

ஜீப்காரர் தார்ப்பாயைப் பார்க்கிறார். உதடு அசைகிறது. கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல் மடங்குகின்றன. நான்காவது விரல் பாதியில் நிற்கிறது.

“டீ சாப்பிடுங்க” என்கிறார்.

சிறிய மரப்பெட்டி ஒன்று வந்து சேருகிறது. பையன் ஆணியைப் பிடுங்குவதற்குள் மேஸ்திரி எண்ணத் தொடங்கிவிடுகிறார். 39. சுவரில் 43ஐ அடித்துவிட்டு எழுதுகிறார். பிறகு எல்லாம் சத்தம். பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பதும், தடம் ஓரத்தில் விழுந்தால் கழற்றி ஷிம் மாற்றுவதும், மறுபடி தடவுவதுமாக ஒரு பகல் போகிறது. பின் ஷாஃப்ட் நீளம் அதிகம். லேத்துக்காரர் வெட்டிச் சேர்க்கிறார். மிச்சத் துண்டைப் பையன் எடுத்து வைத்துக்கொள்கிறான். ஓட்டுநர் காலடித் தகரத்தில் கேஸ் வெல்டிங்காரர் ஓட்டை போடுகிறார். அதன் வழியாக இரண்டு குட்டை லீவர்கள் எட்டிப் பார்க்கின்றன.

சக்கரங்களை மாட்டுகிறார்கள். கட்டைமேல் நின்றபடியே இன்ஜின் ஓடுகிறது. பின்சக்கரங்கள் சுற்றுகின்றன. மேஸ்திரி ஒரு லீவரைத் தள்ளுகிறார். முன்சக்கரங்களும் சுற்றுகின்றன. ஜீப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜீப்காரர் செல்போனில் படம் எடுக்கிறார். பஞ்சருக்கு நின்றவர்களும் எடுக்கிறார்கள்.

பட்டறைக்குப் பின்னால் லாரித் தண்ணீர் விட்டுச் சேறாக்கிய பள்ளம். ஜீப்காரரே ஓட்டுகிறார். முதலில் இரண்டு சக்கரத்தில். பின்சக்கரம் புதைகிறது. சேறு கூரை வரை தெறிக்கிறது. மேஸ்திரி விரலை அசைக்கிறார். லீவர். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி மேட்டில் ஏறிவிடுகிறது. ஜீப்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னோக்கி இறக்குகிறார். மறுபடி ஏற்றுகிறார். மறுபடி இறக்குகிறார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பணம் எண்ணிக் கொடுக்கும்போது மேஸ்திரி வாய் திறக்கிறார்.

“தார் ரோட்டுல லீவரப் போடாதீங்க. திரும்பறப்ப முன்வீல் ஒரு தூரம் போவும், பின்வீல் ஒரு தூரம் போவும். சறுக்க எடம் இருந்தாத்தான் தாங்கும். சேத்துல மட்டும் போடுங்க.”

“சரி மேஸ்திரி.”

லீவர் பழைய இடத்துக்கு வருகிறது. வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர். அத்தனையும் தார் ரோடு. இது பங்குனி மாதம். ஏரிக்கு அந்தப் பக்கம் சேறு வர ஐப்பசி ஆகும்.