ஒரு கோப்பைக் கடற்பாசி

சென்ற வாரம் என் வாய்மொழித் தேர்வு நிறைவுற்றது. வாழ்த்திய ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் நன்றி. தேர்வுக்கு முந்தைய இரவு நான் செய்த ஒரு காரியத்தை இப்போதுதான் வெளியே சொல்லும் துணிவு வந்திருக்கிறது. கொரிய நாட்டு உடனடி நூடுல்ஸ் ஒரு கோப்பை உண்டேன்.

தில்லியில் எங்கள் விடுதியின் அடுத்த அறையில் கொரியாவிலிருந்து வந்து இந்திய வரலாறு பயிலும் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர்; 'அக்கா' என்பதற்குரிய கொரியச் சொல்லான 'ஒன்னி' என்றே அவரை அழைப்பேன். விடுமுறைக்குச் சோல் சென்று திரும்பியவர், என் பிறந்தநாள் பரிசாக ஒரு காகிதக் கோப்பையைத் தந்தார். மூடியில் சிறு தாள் ஒட்டியிருந்தது: 'வியாழனுக்குப் பிறகு மட்டும்.' என் பிறந்தநாள் புதன்கிழமை, தேர்வு வியாழக்கிழமை.

ஹுமாயூன்பூர்க் கடைகளில் நாம் வாங்கும் கொரிய நூடுல்ஸ் பெரும்பாலும் சிவந்த, நாவை எரிக்கும் வகை. இந்தக் கோப்பையில் மிளகாயின் படமே இல்லை. கரும்பச்சை நிறத்தில் ஏதோ மிதந்துகொண்டிருந்தது. அது 'மியோக்-குக்', அதாவது கடற்பாசிச் சூப்பு என்று ஒன்னி விளக்கினார். கொரியாவில் உடனடி நூடுல்ஸ் 1963இலேயே வந்துவிட்டபோதும், வீட்டுச் சமையலுக்குரிய இந்தச் சூப்பின் சுவையில் ஒட்டோகி நிறுவனம் நூடுல்ஸ் வெளியிட்டது 2018இல்தான்.

பிள்ளை பெற்ற தாய்க்கு அங்கே வாரக்கணக்கில் ஊட்டப்படுவது இந்தச் சூப்பு. ஈன்ற திமிங்கிலம் பாசியைத் தின்பதைக் கண்டு மனிதர் கற்றுக்கொண்டதாக ஒரு கதையும் உண்டு. பிறந்தநாள் தோறும் பிள்ளைகள் அதையே உண்கிறார்கள். தன்னைப் பெற்றவள் அன்று உண்டதைத் தானும் உண்பது வழக்கம். ஆனால் தேர்வுக்குமுன் எவரும் அதைத் தொடமாட்டார்கள். பாசி வழுக்கும், உண்டவர் தேர்வில் வழுக்கி விழுவார் என்பது நம்பிக்கை. 'கடற்பாசிச் சூப்புக் குடித்தான்' என்றால் 'தேர்வில் தோற்றான்' என்றே கொரிய மொழியில் பொருள். எனவேதான் அந்தத் தாள்.

புதன் இரவு பதினொரு மணி. உணவகம் மூடிவிட்டது. மறுநாள் காட்டவேண்டிய படங்களைத் திருத்திக்கொண்டிருந்த எனக்குப் பசி தாளவில்லை. நுண்ணுயிரியல் படித்தவள் வழுக்கலுக்கு அஞ்சுவதா என்று எண்ணிக்கொண்டு மூடியைப் பிரித்தேன். தேயிலைத் துகள்போலக் காய்ந்து சுருண்ட சிறு கருந்துண்டுகள். கொதிநீரை உட்கோடு வரை ஊற்றி மூடி, மூன்று நிமிடம் காத்திருந்தேன்.

மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் என் அம்மா இருந்தாள்.

நான் மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்தவள். அம்மா பாசி எடுப்பவள். விரல்களில் துணிச்சுற்று, காலில் ரப்பர்ச் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. விடியுமுன் படகேறித் தீவுப் பக்கம் போய், மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பாள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். பாசி மீண்டும் வளரட்டும் என்று அப்பெண்கள் தாமே வகுத்துக்கொண்ட கணக்கு இது. மணலில் பரப்பிய பாசி காயும்போது எழும் வாசனை அவள் புடவையிலும் கூந்தலிலும் எப்போதும் இருக்கும். பள்ளியில் அதற்காக நான் கேலி செய்யப்பட்டிருக்கிறேன். அவளருகே அமராமல் விலகியும் இருந்திருக்கிறேன்.

இப்போது அந்த வாசனையின்மேல் எள்ளெண்ணெயும் பூண்டும் மணத்தன. கருந்துண்டுகள் அகன்ற பச்சை இலைகளாக விரிந்திருந்தன. மாட்டிறைச்சிச் சாறு சேர்ந்த குழம்பு மங்கலான நிறத்தில், காரமின்றி, உப்பும் கொழுப்பும் அளவாக நாவில் படிந்தது. பாசி வழுவழுத்தது, கடித்தால் மெல்லிய நறுக்கென்ற ஓசை. ஒன்னியின் ஊர்ப் பாசியும் எங்கள் மரிக்கொழுந்தும் வேறுவேறு இனம் என்பதை நான் அறிவேன். ஆயினும் இருபத்தொன்பது ஆண்டு மூக்கால் மட்டுமே அறிந்திருந்த ஒன்றை அன்றுதான் நாவால் அறிந்தேன்.

எங்கள் கரையின் மரிக்கொழுந்திலிருந்து எடுக்கப்படுவது அகர். அதன்மேல்தான் நாங்கள் நுண்ணுயிரிகளை வளர்க்கிறோம். அந்த யோசனையை இராபர்ட் காக்கின் ஆய்வகத்துக்குத் தந்தவர் ஃபேன்னி ஹெஸ்ஸே. சமையலறையில் இனிப்புப் பண்டங்களை உறையவைக்க அகரைப் பயன்படுத்தியவர். காக் தம் 1882ஆம் ஆண்டுக் காசநோய்க் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார், அவரைக் குறிப்பிடவில்லை. நானும் என் ஆய்வேட்டில் 'அகர், 1.5 விழுக்காடு' என்று எழுதி, எந்த நிறுவனத்தில் வாங்கியது என்பதையும் பதிந்திருக்கிறேன். எவர் பறித்தது என்று எழுத அங்கே இடமில்லை. நன்றியுரையில் இடமிருந்தது. அதில் அம்மாவின் பெயரை எழுதிய நான், அவள் தொழிலை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

தேர்வில் நான் வழுக்கவில்லை. சில திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்ததும் முதலில் ஒன்னியிடம் உண்மையைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அம்மாவை அழைத்தேன்.

"அதையாத்தா திங்குறாக? நம்மூர்ல ஆடுகூடச் சீந்தாதே!"

பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பார்களாம் என்றேன். "உன்னப் பெத்தப்ப எனக்குப் பால்சுறாப் புட்டு குடுத்தாக. அதுவும் கடல்தானே" என்றாள். சற்றுப் பொறுத்து, "ருசி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒன் பாசிச் சாக்கு வாசந்தாம்மா. நல்லா இருந்துச்சு."

நெடுநேரம் சிரித்தாள். "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா. முப்பது வருசமாப் பறிச்சிருக்கேன், என்னதான் ருசின்னு பாத்துப்புடுவோம்."

திருத்தங்களை ஒப்படைக்க எனக்கு ஒரு மாத அவகாசம் இருக்கிறது. நன்றியுரையில் ஒரு வரி சேர்க்க அனுமதி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். இதைப் படிக்கும் நண்பர்கள் எவரேனும் அதற்குள் சோலிலிருந்து திரும்புவதாயின், கடற்பாசிச் சூப்பு நூடுல்ஸ் இரண்டு கோப்பை வாங்கி வாருங்கள். பணத்தை உடனே தந்துவிடுகிறேன்.