வீணையும் செருகுநிரலும்

கணிப்பொறியில் இசை அமைப்போர் ‘பிளக்-இன்’ என்னும் செருகுநிரலை அறிவர். வீணையோ குழலோ, வேண்டிய ஓசைக்குரிய சிறு நிரலைப் பெரிய இசை மென்பொருளுக்குள் செருகிக்கொள்வது அது. துளையும் முளையும் ஒத்தால்தானே செருக முடியும்? அந்த ஒப்பந்தத்தையே தரம் என்கிறோம். ஜெர்மனியின் ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட வி.எஸ்.டி. என்பது அவற்றுள் மிகப் பரவியது.

காரியவட்டத்தில் கணினி பயிலும் நான், வீணைக்கு ஒரு செருகுநிரல் எழுதினேன். விசையை அழுத்தினால் ஸ்வரம் பிறக்கும். சக்கரத்தைத் திருப்பினால் கமகம் அசையும். எல்லாம் 1983-இல் வந்த மிடி முறைப்படி. கரமனை அக்கிரகாரத்தில் வீணை கற்பிக்கும் மாமி ஒருவரிடம் கொண்டு போய்க் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டார். “என்னடாப்பா, காந்தாரம் அசையறச்சே தாளத் தந்தியும் கூடவே அசையறதே!” என்றார்.

காது என்றால் அதுவன்றோ காது! மிடியில் சுருதியை வளைக்கும் கட்டளை, ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் ஒருங்கே வளைத்துவிடும். வீணையிலோ வாசிக்கும் தந்திகள் நான்கு, பக்கத்துத் தாளத் தந்திகள் மூன்று. ஒன்றை இழுத்தால் மற்றவை அசைவதில்லை. தடங்களைப் பிரித்து அனுப்பலாம்தான். வாசிப்பவர் பாடு திண்டாட்டம்.

2022-இல் பெர்லின் நகரத்து யூ-ஹி, பிட்விக் நிறுவனங்கள் ‘கிளாப்’ என்னும் புதுத் தரத்தை வெளியிட்டன. அதில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியே அசைக்கலாம். வி.எஸ்.டி. மூன்றாம் பதிப்பிலும் 2011 முதல் இவ்வசதி உண்டு. ஆயினும் என்னை ஈர்த்தது கிளாப்பின் எம்.ஐ.டி. உரிமம். கையொப்பம் இல்லை, கட்டணம் இல்லை, மாணவனும் எழுதலாம். வி.எஸ்.டி. இரண்டாம் பதிப்புக்கோ 2018 அக்டோபருக்குப் பின் புதியவர்க்கு உரிமம் கிடையாது என்றாயிற்று. பழையவர்கள் தம் கருவிகளை மூன்றாம் பதிப்புக்கு மாற்றி எழுதலாயினர். எழுதியவரே கைவிட்டுப் போன கருவிகளை யார் மாற்றுவார்? அவற்றை நம்பி அமைத்த பாட்டுகளின் கதி என்ன? 2025 அக்டோபரில் மூன்றாம் பதிப்பும் எம்.ஐ.டி. உரிமத்துக்கு வந்தது. போட்டி செய்த நன்மை என்பேன் நான்.

மேனாட்டு வயலினை நம் இசைக்குப் பழக்கியோருள் ஒருவரான தஞ்சை வடிவேலு வாழ்ந்ததும் இவ்வூரில், சுவாதித் திருநாள் அவையில்தான். கருவி வெளியூரிலிருந்து வரட்டும், கமகம் நம்முடையது.

நிரலைக் கிளாப்புக்கு மாற்றிவிட்டேன். உறை ஒன்றை மாட்டி அதனையே வி.எஸ்.டி.யாகவும், ஆப்பிளின் ஆடியோ யூனிட்டாகவும் ஆக்க வழியுண்டு. தாளத் தந்திகள் இப்போது அசையாமல் நிற்கின்றன. மீட்டும்போது நகம் படும் ஓசைதான் இன்னும் வரவில்லை. சி++ அறிந்த நண்பர்கள் மாலையில் எங்கள் துறைப் பக்கம் வந்தால் நன்று.