ஒரே கார் குடுத்தா ஆர் கெட்டிக்காரன்?

போர்முலா 1 பார்க்கிற எங்கட கூட்டத்தில் தீராத சண்டை ஒன்று இருக்கு: வெல்லுறது ஆளா, காரா? "அந்தக் காரை என்னட்டத் தந்தா நானும் வெல்லுவன்" என்று எல்லாரும் ஒருக்காவாவது சொல்லியிருப்பம். இதுக்கு ஒரு தீர்ப்புக் கிடைக்கும் என்ற ஆசையில்தான் 'றேஸ் ஒஃப் சாம்பியன்ஸ்' போட்டிகளைத் தேடித்தேடிப் பார்க்கத் தொடங்கினோம்.

போர்முலா 1, றலி, நாஸ்கார், லு மான் என்று வேறுவேறு பந்தயங்களில் ஓடுபவர்களைக் கூப்பிட்டு, ஒரே மாதிரிக் கார்களில் இரண்டு இரண்டு பேராக மோதவிடும் போட்டி அது. விளையாட்டரங்குக்குள் தற்காலிகமாகத் தார் போட்டு, பக்கம் பக்கமாக இரண்டு தடம் அமைப்பார்கள். நடுவில் ஒரு பாலம். அதால் ஏறி மற்றத் தடத்துக்கு மாறுவதால் இருவருக்கும் ஒரே தூரம். "கார் சரியில்லை" என்று சாட்டுச் சொல்ல ஏலாது.

தீர்ப்புக் கிடைச்சதா? 2007இலும் 2009இலும் இறுதிப் போட்டியில் ஏழு தரம் உலக சம்பியனான மைக்கல் ஷூமாக்கரைத் தோற்கடித்தவர், டி.டி.எம். பந்தயத்தில் ஓடிய சுவீடன்காரர் மத்தியாஸ் எக்ஸ்ட்ரோம். இதைச் சொன்னால் ஷூமாக்கர் ஆக்கள் விடுவினமா? அவர் வெற்றலோட சேர்ந்து 2007 தொடக்கம் 2012 வரை நாடுகள் கிண்ணத்தைத் தொடர்ந்து ஆறு தரம் வென்றதைக் கொண்டுவந்து போடுவினம். 2019இல் மெக்சிக்கோ சிற்றியில் வென்றது உள்ளூர் றலி ஓட்டுநர் பெனிற்றோ குவெர்ரா. 2022இல் சுவீடனில் பனிக்கட்டியில் ஓடவிட்டார்கள். லோப் வென்றார், வெற்றல் இரண்டாவது. பழக்கமில்லாத காரோடு கெதியாய் ஒத்துப்போகிறவர் ஆர் என்றுதான் இது காட்டுது. ரயரைக் காப்பாற்றிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் ஓடுறது வேற வித்தை.

இவ்வளவு கலகலப்பான போட்டி தொடங்கியது ஒரு சாவின் நினைவாக. 1986 மே 2, கோர்சிக்கா றலி. ஹென்றி தொய்வொனென் ஓட்டிய லான்சியா டெல்ரா எஸ்4 வீதியை விட்டு விலகி விழுந்து எரிந்தது. அவருக்கு 29 வயது. 'குரூப் பி' என்ற அந்தப் பயங்கர வேகக் கார்களுக்கு அந்த ஆண்டோடு உலக றலியில் முடிவு கட்டினார்கள். 1988இல் மிஷேல் மூட்டோன், ஃபிரெட்ரிக் ஜோன்சனுடன் சேர்ந்து இந்தப் போட்டியைத் தொடங்கினார். 1982இல் உலக றலி சம்பியன்ஷிப்பில் இரண்டாவதாக வந்த அதே மூட்டோன்தான். தனிநபராக வெல்பவருக்குக் கொடுக்கும் கிண்ணத்துக்குத் தொய்வொனெனின் பெயர்.

அந்தக் காரில் இன்னொருவரும் இருந்தார். செர்ஜியோ கிரெஸ்ட்டோ. வளைவுக்கு வளைவு குறிப்பு வாசித்து வழி சொன்னவர். அவரும் அதிலேயே செத்துப்போனார். கிண்ணத்தின் பெயரில் அவர் இல்லை.

மூட்டோன் வென்ற நாலு உலக றலிகளிலும் பக்கத்துச் சீற்றில் இருந்து குறிப்பு வாசித்தவர் ஃபப்ரீட்சியா பொன்ஸ். அந்தச் சீற்றின் பெறுமதி மூட்டோனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எங்களுக்கு உறுத்துவது அதுதான்.