கோடை வெயிலும் கேளிக்கைப் பூங்காவும்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்த அன்றே, மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கு எழுந்துவிடுகிறது. ஊருக்குப் போவதா, கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதா என்பதே அவ்வழக்கு. வாதிகள் சிறுவர், எதிர்வாதிகள் பெற்றோர், ஊரிலிருந்து தொலைபேசியில் சாட்சி சொல்பவர் பாட்டி. தீர்ப்புப் பெரும்பாலும் இரண்டுக்கும் போகலாம் என்றே அமையும். அதற்கு வேண்டிய பணமும் விடுப்பும் எங்கிருந்து வரும் என்பதைத் தீர்ப்புக் கூறுவோர் ஆராய்வதில்லை.

நாங்கள் செம்பூரில் வசிப்பவர்கள். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போது 7 வயதான மகளையும் 4 வயதான மகனையும், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சியையும் அழைத்துக்கொண்டு, நகருக்கு வெளியே உள்ள ஒரு பூங்காவுக்குச் சென்றுவந்தோம். அப்பூங்காவின் பெயர் இங்கு வேண்டா. சொல்லப்போவது எல்லாப் பூங்காக்களுக்கும் பொருந்துவதே. இவ்வாண்டு போக எண்ணியுள்ள சங்கத்து அன்பர்கள் சிலர் எங்களிடம் விவரம் கேட்டமையால் இதனை எழுதுகிறோம்.

நம்மவரில் மூத்தோர்க்குக் கேளிக்கைப் பூங்கா என்றால் கோராயில் 1989-இல் திறக்கப்பெற்ற எஸ்ஸெல் வேர்ல்டுதான் நினைவுக்கு வரும். மார்வேயிலிருந்து படகேறிக் கழியைக் கடந்து போனதையே பாதி இன்பமாகச் சொல்வார்கள். 1998-இல் அதன் அருகிலேயே வாட்டர் கிங்டம் என்னும் நீர்ப்பூங்கா எழுந்தது. 2013-இல் கோபோலிப் பக்கம் இமேஜிகா வந்தது. எஸ்ஸெல் வேர்ல்டு பின்னர் மூடப்பட்டுவிட்டது. ராட்டினங்களின் உயரமும் விரைவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறின. அவற்றின் முன்னே காத்து நிற்கும் வரிசையும் நீண்டது. அவ்வரிசை பெரும்பாலும் மே மாதத்து வெயிலில் நிற்கிறது என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

மும்பையின் வெயிலைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான கருத்து உலவுகிறது. “இங்கே என்ன வெயில்? 34 டிகிரிதானே! வேலூரிலும் திருத்தணியிலும் காயாத வெயிலா?” என்பார்கள். வெப்பமானி காட்டும் எண் ஒன்று, உடல் படும் பாடு வேறொன்று. உடல் தன்னைக் குளிர்வித்துக் கொள்வது வியர்வை ஆவியாவதால். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்குமானால் வியர்வை ஆவியாகாது வழிந்தோடும். உடம்பு நனையுமே அன்றிக் குளிராது. இதனை அறிந்தே இந்திய வானிலைத் துறையும் வெப்ப அலைக்கான அளவைச் சமவெளிக்கு 40 டிகிரி என்றும், கடற்கரைக்கு 37 டிகிரி என்றும், மலைப்பகுதிக்கு 30 டிகிரி என்றும் வேறுபடுத்தி வைத்திருக்கிறது. வழக்கமான அளவினும் எத்துணை மிகுந்தது என்பதையும் சேர்த்தே அத்துறை முடிவு கூறும்.

2023 ஏப்ரல் 16-ஆம் நாள் நவி மும்பையைச் சேர்ந்த கார்கரில் நடந்ததை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். விருது வழங்கும் விழா ஒன்றுக்குத் திறந்த மைதானத்தில் இலட்சக்கணக்கானோர் கூடியிருந்தனர். பந்தல் நிழல் மக்களுக்கு இல்லை. வெயிலின் கொடுமையால் 14 பேர் உயிரிழந்தனர். அன்று வெப்பம் ஒன்றும் இராஜஸ்தானத்துப் பாலைவனத்தின் அளவுக்கு ஏறவில்லை. ஏறத்தாழ 38 டிகிரிதான். வளர்ந்தவர்களுக்கே இந்நிலை என்றால், சிறு குழந்தைகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் உடலின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிகுதி. ஆதலால் வெளிவெப்பம் விரைவில் உள்ளே ஏறும். அன்றியும், விளையாட்டில் மூழ்கிய குழந்தை தாகத்தை உணர்வதில்லை. உணர்ந்தாலும் வரிசையை விட்டு வரச் சம்மதிப்பதில்லை.

வெயிலை விட்டால் குழந்தைக்கு அடுத்த பகை நுழைவுச் சீட்டு என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நாள் முழுமைக்கும் ஒரே கட்டணம் என்று வைத்துவிட்டார்கள். ஐவருக்குச் சீட்டும் வண்டி வாடகையும் சேர்த்தால், நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறு தொகை அன்று. அத்தொகையைக் கொடுத்த கணமே நம் மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. இத்தனை கொடுத்தோமே, ஒரு ராட்டினத்தையும் விடலாகாது என்று நினைக்கிறோம். காலை பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்து, மாலை விளக்கேற்றும் வரை குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் திரிய வேண்டா என்று அரசு அறிவிப்புகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. பூங்காவோ அந்த நேரத்தை நடுவில் வைத்துக்கொண்டுதான் திறந்திருக்கிறது. கொடுத்த பணத்துக்கு ஈடு தேடும் மனம் அந்த மூன்று மணி நேரத்தை வீணடிக்க ஒப்புமா?

ஆதலால் நாங்கள் சீட்டு வாங்கும் முன்பே வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். இளையவன் எப்போது சோர்கிறானோ அப்போதே அனைவரும் திரும்பிவிடுவது. எத்தனை சவாரிகள் மிச்சம் இருந்தாலும் அதைப் பற்றி ஒருவரும் பேசலாகாது. மகளிடமும் இதைச் சொல்லி ஒப்புதல் பெற்றோம். “தம்பி வேணும்னே சோர்ந்து போனா?” என்று கேட்டாள். நியாயமான ஐயம்தான்.

அடுத்து, நிலைக்கதவில் இருவரையும் நிறுத்தி உயரத்தை அளந்தோம். பூங்காக்களில் வயதைவிட உயரத்துக்கே மதிப்பு. கட்டணத்தில் சலுகையும் உயரத்தைப் பொறுத்தே தருகிறார்கள். பெரிய ராட்டினங்களுக்கு 120 சென்டிமீட்டர் என்றும் 140 சென்டிமீட்டர் என்றும் வரம்புக் கோடு உண்டு. மகள் 118 இருந்தாள். எந்தெந்த ராட்டினத்தில் அவளுக்கு இடமில்லை என்பதை வீட்டிலேயே சொல்லிவிட்டோம்; அழுகையும் வீட்டிலேயே முடிந்துவிட்டது. முக்கால் மணி நேரம் வெயிலில் காத்து நின்று, முன்வரிசைக்கு வந்தபின் காவலர் அளவுகோலை நீட்டித் திருப்பி அனுப்பினால் அக்குழந்தை படும் ஏமாற்றத்தை அங்கே பல முறை கண்டோம்.

உணவைப் பற்றி ஆச்சிக்கும் எங்களுக்கும் சிறு விவாதம் நடந்தது. குழந்தை உணவு தவிர வெளியுணவை உள்ளே விடுவதில்லை என்பது பெரும்பாலான பூங்காக்களின் விதி. தமிழர் பயணத்தில் சோற்றுமூட்டை இல்லாதிருப்பது எங்ஙனம்? இறுதியில், வாயிலுக்கு வெளியே மரநிழலில் வண்டியை நிறுத்தி, உள்ளே நுழையும் முன்பே உண்டுவிடுவதென முடிவாயிற்று. ஆச்சி புளியோதரை கிண்டினார். தயிர்சாதத்தில் தயிரைக் குறைத்துப் பாலை மிகுதியாக விட்டுப் பிசைந்தார். புறப்படும்போது பாற்சோறாக இருந்தது, சென்று சேரும்போது பதமான தயிர்சாதம் ஆயிற்று. நாகர்கோவில் ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து பழகிய கைக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குடிப்பதற்கு வருவோம். நம் நீர்மோரும், சுக்கும் வெல்லமும் கலந்த பானகமும் இக்காலத்துக்கு ஏற்றவை. மராத்தியர் வீடுகளில் வேகவைத்த மாங்காயில் செய்யும் பன்ஹேயும் கோகம் சர்பத்தும் அவற்றுக்குச் சளைத்தவை அல்ல. எங்கள் அடுத்த வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய ஒரு புட்டி பன்ஹே, பூங்கா வாசலைத் தாண்டும் முன்பே தீர்ந்தது. இவற்றோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கினைக் கைப்பையில் வைத்தோம். பொட்டலத்தின் மேல் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும், கண்ணளவில் கலக்கலாகாது. மற்றொன்று: காகிதப் பெட்டிகளில் இனிப்பு மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் தாங்கி நெடுங்காலம் விற்கப்பட்டன. ஐதராபாத்துக் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதனை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை அத்தகைய பானங்களுக்கு இடலாகாதென ஆணையிட்டது. ஆகவே வாங்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்தது என்று பொட்டலத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

உள்ளே சென்றபின் முதல் ஒரு மணி நேரம் வெளி ராட்டினங்களில் கழிந்தது. பன்னிரண்டு மணி ஆனதும் குளிரூட்டிய அரங்குகளுக்குள் புகுந்துகொண்டோம். இருட்டுக் குகை, திரைக்காட்சி, அசையும் நாற்காலி என்று இத்தகைய அரங்குகள் பெரிய பூங்காக்களில் உண்டு. எல்லோரும் முதலில் ரோலர் கோஸ்டரை நோக்கி ஓடுவதால் இங்கே கூட்டம் குறைவு. ஆச்சி பேய்க் குகைக்குள் எங்கள் எல்லோரைக் காட்டிலும் உரக்கக் கத்தினார். வெளியே வந்து, குழந்தைகளைச் சிரிக்க வைக்கத்தான் கத்தினேன் என்றார்.

மூன்றரை மணி அளவில் மகளின் விருப்பத்துக்காகச் சிறுவர் ராட்டின வரிசை ஒன்றில் நின்றோம். மேலே தகரக் கூரை இருந்தது. ஆனால் காற்று அடைபட்டிருந்தது. நெடுநேரமாகத் தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்த மகன் பேச்சை நிறுத்தினான். ஆச்சிதான் முதலில் கவனித்தார். “பய சத்தமே காட்டலியே, என்னன்னு பாருங்க” என்றார். முகம் சிவந்திருந்தது, கண்கள் சற்றே மங்கியிருந்தன, பெயர் சொல்லி அழைத்தால் விடை தந்தான். அழும் குழந்தைக்குத் தெம்பு இருக்கிறது. அழாமல் ஒடுங்கிவிடும் குழந்தையைத்தான் உடனே தூக்க வேண்டும்.

வரிசையை விட்டு வெளியேறிக் குளிரூட்டிய உணவகத்துக்குள் கொண்டுபோனோம். சட்டையைக் கழற்றி, நனைத்த துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, ஆச்சி முந்தானையால் விசிறினார். ஓ.ஆர்.எஸ். நீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். முதலுதவி அறையிலிருந்து வந்தவர் வெப்பநிலை பார்த்தார். காய்ச்சல் அளவு இல்லை. இருபது நிமிடத்தில் ஐஸ்கிரீம் எங்கே என்று கேட்டான். அரை மணியில் சிறுநீரும் கழித்தான். அன்று எங்களுக்கு அதைவிட நற்செய்தி வேறில்லை. இதே நிலையில் குழந்தை மயங்கினாலோ, உளறினாலோ, வலிப்புக் கண்டாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. அப்போது வாயில் எதையும் ஊற்றலாகாது. 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல், உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும். மருத்துவமனை சேர்ப்பதற்கு முன்பே குளிர்விப்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

ஒப்பந்தப்படி அப்போதே புறப்பட்டோம். ஏழு சவாரிகள் மிச்சம் இருந்தன. மகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை; வண்டியில் ஏறியபின் எழுதி வைத்திருந்த பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நாங்களும் சீட்டின் விலையைப் பேசவில்லை. நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

வண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. தூங்கிவிட்ட குழந்தையை வண்டியிலேயே விட்டு, மறந்த பையை எடுத்துவர ஓடுவோர் உளர். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பயன் இல்லை. ஐந்து நிமிடம்கூட விடலாகாது.

நீர்ப்பூங்காவுக்குப் போவோர்க்கு இரண்டு சொற்கள். பருத்தி ஆடையை அங்கே அனுமதிப்பதில்லை. நைலான் உடை கேட்பார்கள். அதனை வாடகைக்கு எடுக்காமல் முன்னரே வாங்குவதாயின், ஆரஞ்சு போன்ற கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வாங்குக. நீலமும் வெள்ளையும் நீருக்குள் தெரியா. மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று எண்ணி எவரும் கரையில் அமர்ந்து கைப்பேசி பார்க்க வேண்டா. அது ஓசையின்றி நிகழ்வது. நீரில் இருப்பதால் வெயில் தாக்காது என்பதும் பொய். அங்கேயும் வியர்க்கும், அங்கேயும் குடிக்கக் கொடுக்க வேண்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை மட்டும் உள்ள வீட்டார் இவ்வளவு பாடுபட வேண்டியதே இல்லை என்பது எங்கள் எண்ணம். பைகுல்லாவின் ராணி பாக்கில் பழமையான மரங்களின் நிழல் இருக்கிறது. 2017 முதல் குளிர்க் கூடத்தில் பென்குவின்கள் இருக்கின்றன. புதன்கிழமை விடுமுறை. காலையில் திறந்ததும் போனால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடலாம்.

பெரிய பூங்காவுக்கே போக வேண்டுமெனில் மே மாதம்தானா என்று எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் கூட்டம் உண்டு, ஆனால் வெயில் இல்லை. மே மாதத்தை ஊருக்கு வைத்துவிடலாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டமையால், மே முதல் வாரத்தில் புறப்படுவோர் மார்ச் முதல் வாரத்திலேயே விழித்திருத்தல் வேண்டும். எங்கள் மகளின் பட்டியல் டிசம்பருக்காகக் காத்திருக்கிறது. அவள் இப்போது 120-ஐத் தாண்டிவிட்டாள்.